இவாஞ்சலின் எடுத்த கியர் வண்டி

இவாஞ்சலின் கியர் வண்டி வாங்கப் போகிறாள் என்ற சேதி பரவியதும், ஆம்பூரில் அவள் தெருவே வாயைத் திறந்துவிட்டது. "அஞ்சடி ஒசரத்துக்கு இன்னாத்துக்குமா அது? ஸ்கூட்டி எடு" என்றார்கள். "ஓட்டப்போறது நானு, உங்க யாரையும் தள்ளச் சொல்லல" என்று திருப்பிக் கொடுத்தாள். காரணம் கேட்டால் ஒன்றுதான்: கியர் வண்டி அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததற்கு ஊரிடம் கையெழுத்தா வாங்க முடியும்?

பதினொரு வருடமாக அவள் ஷூ கம்பெனியில் செக்கர். தோலை விரலால் ஒரு தடவு தடவினால் பழுது எங்கே என்று சொல்லிவிடுவாள். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று வெளியே தைக்கிற யூனிட்டுகளைச் சுற்றிப் பார்த்து வரும் வேலைக்கு இப்போது அவள் பெயரைத்தான் மேனேஜர் ஜியாவுல்லா எழுதியிருந்தார். கூடவே கறாராக ஒரு நிபந்தனையும் வைத்தார். "திங்கக்கிழமை சொந்த வண்டியில நீயே ஓட்டிக்கினு வரணும். அண்ணன் கொண்டாந்து வுடுவாருன்ற பேச்சே வேணாம். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியாயிற்று. வண்டிதான் பாக்கி. சனிக்கிழமை மத்தியானம், அண்ணன் ஜெஸ்டனோடு பைபாஸ் ஓரம் சுப்பராயன் வைத்திருக்கும் பழைய வண்டிக் கடைக்குப் போனாள்.

அண்ணன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டான், டயரைக் குனிந்து பார்த்தான். இவள் எங்கே போனாள் தெரியுமா? நேராக சீட்டுக்கு! தோல் தொட்ட கை வேறெங்கே போகும்? மூலையில் நின்ற பெரிய கறுப்பு வண்டிக்கு யாரோ அசல் தோலில் சீட்டு போட்டிருந்தார்கள். இரட்டைத் தையல், ஓர் இழை பிசகவில்லை. தடவினாள், கிள்ளினாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "இதான் வேணும்" என்றாள்.

"மொத வண்டிக்கு அது வெயிட்டு ரொம்ப ஜாஸ்திமா" என்றார் சுப்பராயன்.

கேட்டால்தானே! ஏறி உட்கார்ந்தாள். கால் விரல் நுனிதான் தரையில் பட்டது. ஸ்டாண்டை எடுத்த மறு நொடி வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, இவளும் கூடவே மண்ணில் போய் விழுந்தாள். கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"பாத்தியா? இதத் தூக்கவாவது முடியுமா உன்னால?" என்றான் ஜெஸ்டன். "ஸ்கூட்டி ஸ்கூட்டின்னு தலப்பாடா அடிச்சுக்கினேன். கெளம்பு. திங்கக்கிழமை நானே கொண்டுபோய் வுடறேன்."

கொண்டுபோய் விட்டால் அந்த வேலை போச்சு. அது அவனுக்கும் தெரியும்.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றாள். சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில். தோல் கட்டு தூக்கிப் பழகிய கால்கள். முதல் தம்மில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தம் பிடித்தாள். வண்டி எழுந்து நின்றது.

"சீட்டப் பாத்து ஏமாந்துட்டேன், தப்பு என்னுதுதான்" என்றாள் மண்ணைத் தட்டியபடி. "அதுக்காக ஸ்கூட்டிதான் எடுக்கணும்னு சட்டமாண்ணா?"

இந்த முறை அவள் சீட்டைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து கால் ஊன்றிப் பார்த்தாள். ஆறாவதாக ஒரு சின்ன வண்டி. நூறு சிசி, மங்கிய சிவப்பு, சீட்டு அமுங்கிக் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. கிளட்ச் விரலுக்கு எட்டியது. அதையே எடுத்தாள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான், ஏறட்டும்.

திங்கட்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பார்க்க, கம்பெனி கேட்டில் வண்டி அணைந்து நின்றது. பின்னால் வேன்காரன் ஹாரனை அலறவிட்டான். "இருய்யா, றெக்கையா இருக்கு?" என்று திரும்பிக் கத்திவிட்டு, மறுபடி உதைத்துக் கிளப்பி உள்ளே வந்து நிறுத்தினாள்.

வாசலில் நின்ற ஜியாவுல்லா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்ட இன்னும் சரியா வரல போலயே?"

"வரல சார். ஓட்டி ஓட்டித்தான் வரும்" என்றாள் இவாஞ்சலின், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. "மொதல்ல எந்த யூனிட்டுக்குப் போவணும், சொல்லுங்க."