வாய்க்கால்மேட்டு இரண்டு மா

ஆலங்கரை மேலத்தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் கோவிந்தராசு. இரண்டாம் வருஷத்தில் திரும்பி வந்த முதல் ஆளும் அவன்தான். ஏன் வந்தாய் என்று தெரு கொஞ்ச நாள் கேட்டது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டை எடை போடும் வேலை கிடைத்தது. முப்பது வயதுக்குள் முதுகுவலி வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை படித்தவரா, படிப்பை விட்டவரா என்று கேட்டார்கள். இரண்டும் சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

சாப்பாடு காரணமில்லை. கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, அப்பா என்ன செய்கிறார் என்று ஆசிரியர் கேட்டார். கூலி வேலை என்றான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான், அவ்வளவுதான். அந்த இடைவெளி மறுநாளும் இருந்தது. விடுதிப் பந்தியிலும் குழாயடியிலும் இருந்தது. அதோடு ஒன்றரை வருஷம் இருந்து பார்த்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும், தெருவில் யாராவது எஸ்.எஸ்.எல்.சி. தேறினால், மதகுக்குப் பக்கத்தில் இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் அவர்களை உட்கார வைத்துக்கொள்வான். பாடம் சொல்லித் தரவில்லை. பாடத்துக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. செருப்புப் போட்டு நடந்து பழகச் சொன்னான். பெயரைக் கேட்டால் தலையைச் சொறியாமல் சொல்லச் சொன்னான். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், அடி விழாது என்றான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் விவசாயி என்று சொல்ல வேண்டும் என்றான். இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான்.

அப்படி அனுப்பியவர்களில் ஒருவன் அறுப்புக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஒருவன் பஸ் கண்டக்டரானான். ஒருவன் பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். கோவிந்தராசுவைக் கண்டால் வரப்பு மாறிப் போவான். சங்கக் கொட்டகைக்கு இனிப் போவதில்லை என்று கோவிந்தராசு பல முறை நினைத்ததுண்டு. கோடை வந்ததும் யாராவது வந்து நிற்பார்கள்.

ஆட்சி மாறி ஐந்தாவது வருஷம் அம்சவல்லி வந்து நின்றாள். காத்தானின் மகள். தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். கூடவே அம்மா ரெங்கம்மாளும் வந்து கொட்டகைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெண்ணைத் தனியாக விட மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"ஒங்க அப்பா என்ன செய்யறாரு?" என்று கல்லூரி ஆசிரியர் போலக் கோவிந்தராசு கேட்டான்.

"கூலி வேலை சார்."

"கூலின்னு சொல்லாதே. விவசாயி."

"பொய்தானேண்ணே."

"என்ன பொய்? வாய்க்கால்மேட்டு ரெண்டு மாவ யாரு பயிர் பண்றது?"

"அப்பா."

"அப்பறம்? எவ்வளவு நெலம்னு கேட்டா ரெண்டு மான்னு சொல்லு. சொந்தமான்னு கேட்டா குத்தகைன்னு சொல்லு. இதுல எங்க பொய் இருக்கு?"

ரெங்கம்மாள் எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மிராசுதார் மகளுக்குக் காப்பி கொண்டாரவா, இல்ல மோரா?"

"நீ சும்மா இரு அக்கா."

"சும்மாத்தான் இருக்கேன். எம் புருஷன் விவசாயின்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது. தெரிஞ்சிருந்தா ஒரு மூக்குத்தி கேட்டிருப்பேன்."

அம்சவல்லி சிரித்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, கையைக் கட்டாமல், ஒரு தரம் முழுதாகச் சொன்னாள். தடங்கல் இல்லை. இவள் கல்லூரியில் நின்று பிடிப்பாள் என்று கோவிந்தராசுவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றி வெகு நாளாகியிருந்தது.

அந்த இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராது. பண்ணை நாகநாதனுடையது. அம்சவல்லி பிறப்பதற்கு முன்பே, காத்தானின் உழைப்பைப் பார்த்து, நீயே பயிர் செய்துகொள், பாதியைக் கொண்டுவந்து போடு என்று களத்தில் நின்று வாயால் சொன்னது. காகிதம் எதுவும் இல்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் தாசில்தாரிடம் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று இப்போது சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்ததும் நாகநாதன் மற்றவர்களுக்கு விட்டிருந்த நிலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டார். காத்தானிடம் மட்டும் கேட்கவில்லை. காத்தான் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நிலம் அவனிடம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இது கோவிந்தராசுவுக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோது அவன் மனசில் இருந்தது அந்தப் பழைய வகுப்பறை. அங்கே கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்தது. காத்தான் வாய்க்கால்மேட்டின் ஒரு மூலையில் குறுவைக்கு நாற்று விட்டான். நாற்று பச்சை கட்டிய வாரத்தில் கல்லூரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

டவுனில் புதிதாக வந்த கல்லூரி அது. தனியார் அறக்கட்டளை நடத்தியது. நன்கொடை கொடுத்தவர்கள் கமிட்டியில் இருந்தார்கள். அம்சவல்லி உள்ளே போனாள். கோவிந்தராசு சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். குரல்கள் மட்டும் கேட்டன.

பெயர், பள்ளிக்கூடம், மார்க்கு. பிறகு அந்தக் கேள்வி வந்தது. விவசாயி என்று அவள் குரல் தெளிவாகக் கேட்டது. கோவிந்தராசு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"எவ்வளவு நெலம்மா?" இது வேறு குரல்.

அவள் செருப்பு தரையில் உரசியது. பிறகு, "ரெண்டு மாங்க."

"சொந்தமா?"

"குத்தகைங்க."

"எத்தனை வருஷமா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்துங்க."

"சபாஷ்" என்றது குரல்.

நாகநாதனின் குரல். கோவிந்தராசு சன்னலை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்த அம்சவல்லி, "எடம் கெடைச்சிருச்சுண்ணே" என்றாள். "ஐயாவும் இருந்தாங்க. அவங்கதான் கேட்டாங்க. பயமாத்தான் இருந்திச்சு. ஆனா நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்."

"நல்லா சொன்னே" என்றான் அவன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் நாகநாதன் ஆளனுப்பினார். காத்தானையும் கோவிந்தராசுவையும் தன் ரைஸ் மில்லுக்கு வரச் சொல்லி. அவர் தோளில் கறுப்பு சிவப்புக் கரைபோட்ட துண்டு. ஆட்சி மாறிய வருஷம் துண்டையும் மாற்றியிருந்தார். தவிட்டுப் புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார். கோபம் இல்லை. அவரும் களைத்துத்தான் தெரிந்தார்.

"பொண்ணு பிரமாதமா பேசிச்சு காத்தான். கோவிந்தராசுதான் பழக்கினானாமே."

"ஆமாங்கய்யா" என்றான் காத்தான்.

"எப்ப தாசில்தாருகிட்ட போறே?"

"எதுக்குங்கய்யா?"

"பதியறதுக்கு."

"அய்யய்யோ. அப்படி நெனப்பே இல்லீங்க."

"நீ சொல்றே, இல்லேன்னு. ஒம் பொண்ணு கமிட்டி முன்னாடி எத்தனை வருஷம்னு கணக்குச் சொல்லிட்டாளே. அங்க இருந்ததுல ரெண்டு பேரு வக்கீல். வெளிய வந்ததும் எங்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? ஒங்களுக்குக் குத்தகைதாரர் யாரும் இல்லேன்னீங்களேன்னு."

கோவிந்தராசு, "நான்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். கூலின்னா பசங்க கேவலமா பாப்பாங்கன்னு. வேற எதுக்கும் இல்ல" என்றான்.

நாகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கலாம்ப்பா. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதானே? பொண்ணு படிக்கட்டும். நான் குறுக்க நிக்கல. நெலத்த மட்டும் விட்டுடு காத்தான். நாத்துக்கு என்ன உண்டோ குடுத்துடறேன்."

நிலத்தை விடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கல்லூரி திறக்க இன்னும் நாள் இருந்தது. அவர் கமிட்டியில் இருந்தார்.

சாயந்திரம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து மருதையன் காத்தான் வீட்டுக்கு வந்தார். செய்தி எப்படியோ எட்டியிருந்தது. சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

"விடாதே காத்தான். சட்டம் நம்ம பக்கம். நாளைக்கே மனுப் போடுவோம். இத்தனை நாள் சாட்சி இல்லாமத்தான் ஒவ்வொண்ணா போச்சு. இப்ப பாரு, அவரு முன்னாலேயே, அவரு கேட்டு, ஒம் பொண்ணு சொல்லியிருக்கு. அவரு மறுக்கலையே. விசாரணையில அம்சம் வந்து இத சொன்னாப் போதும்."

"காலேஜு?" என்றான் கோவிந்தராசு.

"காலேஜு எங்கேயும் ஓடிடாது தோழரே. அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் சேந்தவங்க யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

மருதையன் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். நல்ல மனுஷன். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். இந்தத் தெருவுக்கு ஒரு நிலமாவது பதிவாகிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் தப்பு இருப்பதாகக் கோவிந்தராசுவுக்குப் படவில்லை.

உள்ளேயிருந்து அம்சவல்லி வந்தாள். "நான் சாட்சி சொல்றேம்ப்பா. நடந்ததத்தானே சொன்னேன்? இன்னொரு தரம் சொன்னா என்ன?"

"நீ சொன்ன வரைக்கும் போதும், உள்ள போ" என்றாள் ரெங்கம்மாள். கொட்டகையில் கேலி செய்த குரல் இல்லை அது.

காத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு கோவிந்தராசுவைப் பார்த்தான். "நீ சொல்லு தம்பி. நீ ரெண்டையும் பாத்தவன்."

கோவிந்தராசுவுக்கு அந்த நிலம் தெரியும். அதிலிருந்து வரும் நெல்தான் அந்த வீட்டில் மழைக்காலத்துக்கு மிச்சம். அது போனால் வருஷம் முழுக்க அடுத்தவன் கூப்பிட்டால்தான் சோறு. கல்லூரியும் தெரியும். அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் தெரியும். நியாயமாகப் பார்த்தால் நிலத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அம்சவல்லி உள்ளே போகாமல் கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"அம்சம் படிக்கட்டும்" என்றான்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றான் காத்தான். அவன் அப்படி நினைத்தது படிப்புக்காகவா, பயத்தாலா என்று கோவிந்தராசுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மருதையன் சைக்கிளை எடுத்தார். "ஒங்க இஷ்டம். ஆனா தோழரே, அவங்களுக்கு நாம பேசப் பழகிக் குடுக்கறோம். பேசினதுக்கு அப்பறம் நிக்கப் பழகிக் குடுக்க மாட்டேங்கறோம்." சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

கல்லூரி திறக்கிற அன்று கோவிந்தராசு லீவு போட்டான். காத்தானைப் பண்ணையில் உழவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், மறுக்க முடியவில்லை. ரெங்கம்மாள் நடவுக்குப் போயிருந்தாள். கோவிந்தராசு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டான். பஸ் நிறுத்தத்துக்கு வாய்க்கால்மேட்டு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இப்போது பண்ணையின் நடவு நடந்துகொண்டிருந்தது. காத்தான் விட்ட நாற்று. முடிச்சு முடிச்சாகச் சேற்றில் கிடந்தது. வரிசையில் பாதி பேர் தெருப் பெண்கள்தான். ரெங்கம்மாளும் குனிந்திருந்தாள். இருவரும் போவதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அம்சவல்லி பஸ்ஸில் சன்னலோரம் உட்காரவில்லை. டவுன் எல்லை வந்த பிறகு, "அண்ணே, இனிமே யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்காதீங்க" என்றாள்.

"சரி" என்றான்.

"கோவத்துல சொல்லல."

"தெரியும்."

விடுதி வாசலுக்கு மேல் ஆண்களை விடவில்லை. பெட்டியை இறக்கி வைத்தான். அவள் அதைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். எந்த ஊர் என்று ஒருத்தி கேட்டாள். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அவனுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாய்க்கால்மேட்டில் நடவு பெரும்பாலும் முடிந்திருந்தது. கடைசித் துண்டில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் அவனைக் கண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சேத்துட்டியா?"

"சேத்துட்டேன்க்கா."

"அழுதாளா?"

"இல்ல."

"சோறு எத்தனை வேளை போடுவாங்க?"

"மூணு வேளையும்."

அவள் தலையாட்டினாள். கையில் இருந்த நாற்றில் ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீரில் அலசினாள். வேறு ஏதாவது கேட்பாள் என்று அவன் வரப்பில் நின்றான். மற்றவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்துவிட்டிருந்தார்கள். வரிசையில் அவள் இடம் மட்டும் நடாமல் கிடந்தது. அவள் குனிந்து வேகமாக நடத் தொடங்கினாள்.