வெந்நீரில் வளர்ந்த தொப்பி

புலம்பெயர்ந்து வந்த ஊரான நோபல் பார்க்கில், ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற லோண்டரியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். சேர்ந்த முதல் மாதமே ஒரு கிழவரின் கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீர் மெஷினில் போட்டுவிட்டேன். கைக்குழந்தைக்கு அளவான சட்டையாக அது வெளியே வந்தது. ஏச்சு வாங்கினேன். ஆனாலும் சட்டையை வீச மனம் வரவில்லை. பின்னல் கண்கள் எல்லாம் மறைந்து, தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காத தடித்த துணியாக அது மாறியிருந்தது.

அதை வைத்துத்தான் நூலகத்துச் சனிக்கிழமைக் குழுவில் என்னால் வாய் திறக்க முடிந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய டியூடர் மன்னர்கள் காலத்து ஆங்கில உடைகளைத் தைத்து, வருடம் ஒருமுறை ஒரு குளிர்காலச் சந்தையில் உடுத்திக்கொண்டு நிற்கிற குழு அது. உடைகள் நன்றாக வந்தன. தொப்பிதான் வரவில்லை. எப்படிப் பின்னினாலும் தேத்தண்ணி ஊற்றுகிற போச்சிக்குச் சூடு ஆறாமல் போடுகிற உறை மாதிரியே இருந்தது.

“ஒன்றரை மடங்கு பெரிதாகப் பின்னி, வெந்நீரில் போட்டு அடிக்க வேண்டும்” என்றேன்.

அடுத்த வாரமே செய்து காட்டினேன். முரட்டுக் கம்பளியில் பெரிய சட்டி அளவுக்குப் பின்னி, சவர்க்காரமும் வெந்நீருமாகப் பிசைந்து இறுக்கி, தட்டையான ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் மேல் விரித்துக் காயவிட்டு, நாய்க்கு மயிர் வாருகிற கம்பி பிரஷால் கிளறி, கத்தரியால் மட்டமாக வெட்டினேன். பழைய ஓவியங்களில் இருக்கிற அதே தட்டைத் தொப்பி. குழுத் தலைவி அதைத் தலையில் வைத்து, கழற்ற மனமில்லாமல் அறையைச் சுற்றி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, குரலில் இன்னும் வகுப்பறை இருந்தது. அந்த வருடச் சந்தைக்குப் பன்னிரண்டு தொப்பி செய்து கொடுத்தேன்.

சந்தையன்று நானும் நீளப் பாவாடை கட்டிக்கொண்டு போனேன். தலைவி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“நீ கூடாரத்துக்குப் பின்னால் இருந்து பைகளைப் பார்த்துக்கொள். முன்னுக்கு நின்றால் சனம் குழம்பிப்போகும். அந்தக் காலத்தில் உன்னைப் போல ஆட்கள் இல்லைத்தானே.”

பன்னிரண்டு பேரின் கைப்பைகளுக்கு நடுவில் ஒரு கதிரையில் இருந்தேன். கான்வாஸுக்கு அந்தப் பக்கம் யாரோ, தொப்பிகளைச் செய்தது யார் என்று கேட்பது கேட்டது.

“நான்தான். மூன்று வருட ஆராய்ச்சி” என்றார் தலைவி.

எழும்பிப் போய்க் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. காத்திருந்தேன்.

அதிக நாள் காக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சந்தையில் சனத்துக்கு முன்னால் தொப்பி செய்து காட்டச் சொல்லி, சந்தைக்காரர்கள் தலைவியைத்தான் கேட்டார்கள். சந்தைக்குச் சில நாளே இருக்கும்போது அவர் ஒரு கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். கண் கணக்கு, சுற்றுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

“எந்த நூல்?” என்று கேட்டார்.

“நூறு வீதம் கம்பளி. வெள்ளை.”

அது உண்மை. ஆனால் முரட்டு நூல் தன் தோலைக் கடிக்கிறது என்று அவர் எப்போதும் முறையிடுவார். மென்மையான நூலைத்தான் வாங்குவார் என்று எனக்குத் தெரியும். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தி விற்கிற அந்த நூலும் நூறு வீதம் கம்பளிதான். வேலையில் பகல் முழுக்க நான் பார்த்தது உடுப்புகளின் லேபிளைத்தானே.

அவர் போனபின் என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“நீர் பொய் சொல்லேல்லை. ஆனா உண்மையையும் சொல்லேல்லை.”

“ஓம். கேட்டதுக்கு மறுமொழி சொன்னனான். அவ்வளவுதான்.”

சந்தையன்று தலைவி மேடையில் வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றார். பின்னி முடிக்கவே நாள் சரியாகப் போனதால், ஒருமுறைகூட நனைத்துப் பார்த்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் பிசைந்தார். இருபது நிமிடம் பிசைந்தார். அந்த நூல் நனைந்தால் இளகும். தொப்பி சுருங்காமல் வளர்ந்தது. தூக்கிப் பிடித்தபோது இடுப்புவரை தொங்கித் தண்ணீர் வடிந்தது.

“அதுக்குள் என் மனைவியையே போடலாம்!” என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவி கூடாரப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். மெல்ல நடந்து போனேன். அவருடைய கூடையிலிருந்து நூலின் லேபிளை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். “இது சுருங்காத நூல். ஒருநாளும் இறுகாது” என்றேன். பிறகு என் பையில் தயாராகக் கொண்டுபோயிருந்த முரட்டுக் கம்பளிப் பின்னலைத் தொட்டிக்குள் போட்டேன். அரை மணித்தியாலத்தில் அது என் கைக்குள் தொப்பியானது.

“எங்கே பழகினீர்கள்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“முதியோர் இல்லத்து லோண்டரியில். போன வருடம் நீங்கள் பார்த்த பன்னிரண்டும் நான் செய்தவைதான்.”

ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். ஒருவரும் குழம்பவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் தலைவி என்னைப் பிடித்தார். வெந்நீரில் வெந்த கைகள் இன்னும் சிவந்திருந்தன.

“உனக்குத் தெரியும், இல்லையா? ஏன் சொல்லவில்லை?”

“நான் கூடாரத்துக்குப் பின்னால் அல்லவா இருந்தேன்.”

அதன்பிறகு அவர் குழுவுக்கு வரவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நூலின் பெயரைக் கரும்பலகையில் முதல் வரியாக எழுதிவிடுகிறேன்.

“பாவம் அந்த மனுசி. நீர் கோயிலுக்குப் போய் ஒருக்கா மன்னிப்புக் கேட்டுக் கும்பிடும்” என்று கணவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். த பேசின் என்ற ஊரில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டும் போனார். உண்மையாகவே வருத்தப்பட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். வருத்தம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற அன்ரி திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பூசை முடியுமுன்பே வெளியே வந்துவிட்டேன்.