மழை பெய்த மறுநாள் சங்கக் கூட்டம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்போது எங்கள் பகுதியெல்லாம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. எனக்குக் கல்யாணமான புதிது. அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் இருந்தது, எங்கள் பக்கத்தில் அதைக் காடு என்போம். உழ மாடுதான் இல்லை. வெக்கை நோய் வந்து என் எருதுகள் இரண்டும் அடுத்தடுத்துப் போய்விட்டன.

மாடு வாங்கக் கடன் கேட்டு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன்பிறகு வட்டிக்கு விடுகிறவர்கள் பெட்டியை இறுகப் பூட்டிக்கொண்டார்கள். மிச்சமிருந்தது ஊர்க் கூட்டுறவுச் சங்கம். அது பல வருஷமாகப் படுத்த படுக்கை. பழைய பாக்கி வசூலாகாததால் சேலத்து பேங்க் அதற்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியிருந்தது.

இந்த நிலையில், தூங்குகிற சங்கங்களைத் தட்டி எழுப்ப சர்க்கார் தனி ஆபீசர்களை அனுப்புகிறது என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். உறுப்பினர்கள் போதிய அளவு வந்து, சங்கத்தை நடத்துகிறோம் என்று தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டால் பேங்கிலிருந்து மறுபடி பணம் வரும், மாட்டுக் கடன்தான் முதலில் கிடைக்கும். ஆள் சேராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன நிறத்தில் மாடு பிடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்!

வியாழக்கிழமை சாயங்காலம் பிடித்தது மழை. ஆடி மாதம் முழுக்க ஏமாற்றிய வானம் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால், ஆபீசர் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருக்கிறார், எதிரே நாங்கள் சில பேர்தான். மழை பெய்த மறுநாள் ஏர் பூட்டாமல் கூட்டத்துக்கு வருகிற குடியானவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. வந்திருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னைப்போல மாடு இல்லாதவர்கள்.

ஆபீசருக்கு நிலைமை புரிந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. மத்தியானம் வரும் தர்மபுரி பஸ்ஸில் அவர் போயாக வேண்டும், மறுநாள் காலையில் அவருக்குப் பாலக்கோட்டில் கூட்டம். அது பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரி அடுப்பு வைத்து ஓட்டிய பஸ், அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது.

எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, எழுந்து கேட்டுவிட்டேன். நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, உழுதுகொண்டிருக்கிற உறுப்பினர்களின் காட்டுக்குப் போய் அவர்களுடைய ஏரைப் பிடித்துக்கொள்கிறோம், அவர்கள் இங்கே வந்து கையெழுத்துப் போடட்டும், செல்லுமா? அவர் மூக்குக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். "நான் பஸ் ஏறுகிறவரைக்கும் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கும். போட்ட கையெழுத்து போட்டதுதான்" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடினோம். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும் என்று முரண்டு பிடித்தவர்கள்கூட, ஏர் நிற்காது என்றதும் இறங்கி வந்தார்கள். சேறு அப்பிய கட்டைவிரலோடு ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் திரும்புவதுமாக ஊரே திருவிழா போல ஆகிவிட்டது. ஒருவருடைய ஏரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் மூச்சிரைக்க வந்து பார்த்தேன். பஸ் வந்து நின்றிருந்தது. கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் ஆபீசர்.

மீதியிருந்தவர்களில் ஓடி எட்டுகிற தூரத்தில் இருந்தவர் ஒருவர்தான். என் பங்காளி, பெரியப்பா மகன். என் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. நடுவில் இருந்த வரப்பை நான் உழுது உழுது அரித்து அவர் நிலத்தைத் தின்றுவிட்டேன் என்பது அவர் கட்சி. அவர் அப்பா காலத்திலேயே வரப்பு அப்படித்தான் இருந்தது என்பது என் கட்சி. நாங்கள் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் போய் ஏரைக் கேட்பதைவிடப் புலியிடம் போய்ப் பால் கேட்கலாம். ஆனாலும் கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏரை நிறுத்தாமலே கேட்டார். "ஏம்பா, எவன் வரப்ப அரிச்சானோ அவங்கையிலயே ஏரக் குடுக்கச் சொல்றியா?"

ஏருக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு சொன்னேன். "அண்ணா, எம்மாடு ரெண்டும் போச்சுங்க. இந்தச் சங்கமும் போச்சுன்னா எங்காடு தரிசுதாங்க. வரப்ப உட்டுத் தள்ளியே ஓட்டறனுங்க."

மாட்டைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வரப்புப் பக்கம் தாராளமாக இடம் விட்டு உழுதேன். காது மட்டும் ரோட்டில் இருந்தது. பஸ் உறுமியது, ஹாரன் அடித்தது, புறப்பட்டும் போய்விட்டது. அவரைக் காணோம். கையெழுத்துப் போட்டாரா, இல்லை கோபத்தில் நேராக வீட்டுக்கே போய்விட்டாரா? என் நெஞ்சு அடித்துக்கொண்டது மாட்டுக்கே கேட்டிருக்கும்.

கடைசியில் வந்தார். என் பக்கம் வரவில்லை. நேராக வரப்புக்குப் போய், இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். அப்புறம்தான் என்னிடம் வந்து மேழியை வாங்கினார். சங்கம் நிலைத்துவிட்டது, அவருடைய கையெழுத்தோடு கணக்கு சரியாகிவிட்டது என்றார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. அவர் ஏரைத் திருப்பிக்கொண்டே, மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"உம் மாட்டுக் கடனுக்கு ரெண்டு ஜாமீன் வேணும்னாரு ஆபீசரு. ஒண்ணு நான் போட்டுட்டு வந்தேன்."

நான் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும், அவருடைய நிலத்தின் மேல் கை வைப்பார்கள். அதுதான் ஜாமீன். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஏன் போட்டீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

இன்னொரு ஜாமீனும் கிடைத்து, கடன் வந்தது. மாடு பிடித்தேன். அந்த வருஷம் கடலையும் போட்டேன். தவணை தவறாமல் கட்டி முடித்தேன், ஒரு நாள் தள்ளினாலும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் காரணம். வரப்புச் சண்டை மட்டும் அதன்பிறகும் வருஷம் தவறாமல் நடந்தது, அதில் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று. அவர் முதலில் ஜாமீன் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் வந்து, நான் சொன்னபடி இடம் விட்டு உழுதேனா என்று வரப்பைப் பார்த்தார். அதை நினைக்கும்போதெல்லாம், யாரையும் இவன் இப்படித்தான் என்று முடிவு கட்ட இந்த வயதிலும் எனக்கு மனசு வருவதில்லை.