டபராவில் பால்ரஸ்

சைக்கிளில் மோட்டார் பொருத்துவதற்காக என் மகள் பெடல் அச்சைக் கழற்றி, உட்புறத்தை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் ஜாதவ்பூரில் ஆட்டோ இடித்து விழுந்தவள். முட்டி தேறும்வரை மோட்டார் பாதி மிதிக்கட்டும் என்கிறாள். சைக்கிளே வேண்டாம் என்று சொல்லத்தான் பால்கனிக்குப் போனேன். அந்த மண்ணெண்ணெய் வாசனை என்னை நிறுத்தியது.

இதே லேக் கார்டன்ஸ் வீட்டில் ஞாயிறுதோறும் அப்பா சைக்கிளைப் பிரிப்பார். பால்ரஸ் குண்டுகளை அம்மாவின் காபி டபராவில் போட்டு மண்ணெண்ணெயில் ஊறவைப்பார்.

"பேங்க்ல ஆபீசர், ஆத்துல மிஸ்திரி," என்பாள் அம்மா.

ஒரு மழைநாளில் பாலிகஞ்ச் டிராம் தண்டவாளத்தில் சறுக்கி, நெற்றியில் தையலோடு வந்தார். அந்த வாரம் முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை டபராவைத் தானே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பிரேக்கையும் பாத்துடுங்கோ."

நான் நிற்பதைக் கண்டு மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மா, பிரேக்கைத் தொட்டாலே மோட்டார் கட் ஆயிடும். திட்டாதேயேன்."

மோட்டாரின் திருகாணிகள் தரையில் சிதறிக் கிடந்தன. உள்ளே போய் ஒரு டபராவை எடுத்துவந்து நீட்டினேன்.

"எல்லாத்தையும் இதுல போட்டு வை. ஒண்ணு குறைஞ்சாலும் வண்டி வாசல் தாண்டப்படாது."