நண்டு பின்னால் வரும்

"நஸீர் பாய் தவறிட்டாங்க." செந்திலின் குரல் செய்தி வந்தபோது ஆலையில் நெல் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். முந்தின வெள்ளியன்றுதான் கதையில் எங்களை ஒரு டிராகனின் வாயருகே நிறுத்திவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம்" என்று சிரித்தபடி எழுந்து போனார்.

முத்துப்பேட்டையில் அவருடைய செல்போன் கடையை அறிந்த பலருக்கு அதன் மாடியைத் தெரிந்திருக்காது. துபாயில் வேலை பார்த்தபோது உடன் தங்கியவர்களிடம் அவர் கற்ற விளையாட்டு ஒன்று அங்கே நடக்கும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் போவார்கள். சிக்கலான இடத்தில் பகடை முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டுக் கூடுவோம்.

போன் சரிசெய்யப் போன என்னை அவர்தான் மேலே அழைத்தார். எனக்குப் போலியோவில் வலது கால் சூம்பியது. பள்ளியில் என் பெயர் நண்டு. கதைக்குள் என்ன இனமாக வர விருப்பம் என்று கேட்டார். விளையாட்டின் விதிப் புத்தகத்தில் மனிதர், குள்ளர், கூர்க்காதுக் காட்டு மக்கள் இருந்தார்கள். பிறர் கேலி செய்வதற்குள் நானே முந்திக்கொள்வது என் வழக்கம். "நண்டு மனுஷன் உண்டா பாய்?" என்றேன்.

கூட்டத்தில் இருந்த செந்தில் விவசாயி. கொதித்துவிட்டார். "வரப்பை ஓட்டை போடுற ஜென்மங்க அது. நம்ம கூட்டத்துல வேணாம் பாய்."

யார் எந்த விசித்திர இனத்தைக் கேட்டாலும் பாய் மறுத்ததில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். என்னிடமும் கேட்டார்.

"அது எதுக்குப் பயப்படும்?"

"நாலு பேருக்கு முன்னாடி நடக்க." யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, "சேத்தாச்சு" என்றார்.

சில மாதங்கள் கழித்து, கதையில் எங்கள் ஊரை நோக்கி அரக்கர் படை வந்தது. டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த காவல் கரை போடுவதுதானே. ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் போட்டோம்; வடிகால் விட மறந்தோம். பாய் மழையைக் கொட்டினார். உள்ளே தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, வெளியே அரக்கர்கள். செந்தில் என் பக்கம் திரும்பி, "ஒரு ஓட்டை போடுங்களேன்" என்றார். பகடையை உருட்டினேன். நண்டு கரையைத் துளைத்தது. பாய்ந்த வெள்ளம் படையை அடித்துக்கொண்டு போனது. முன்பே திட்டமிட்டீர்களா என்று கேட்டதற்கு, "கரை போட்டது நீங்க" என்றார் பாய். இன்னொருவனுக்கு இடம் அமையும்வரை ஒரு மனிதர் இத்தனை பொறுமையாகக் காத்திருக்க முடியுமா என்று இன்றும் மலைக்கிறேன்.

வெற்றி ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்து, "நண்டு பின்னால வரும் பாய்" என்றேன்.

"சரி. வர்றப்ப வரட்டும்."

பாயின் ஜனாஸா ஊர்வலம் கிளம்பிய அன்றும் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றேன். அவர் உடல் இருந்த சந்தூக்கின் முன்பக்கத்தைச் சுமந்துகொண்டிருந்த செந்தில் திரும்பிப் பார்த்தார். "வாங்க" என்று தோளை விலக்கினார். போய் என் தோளைக் கொடுத்தேன். நான் விந்தி நடக்க நடக்க சந்தூக்கும் ஏறி இறங்கியது. யாரும் என்னை மாறச் சொல்லவில்லை. உடன் சுமந்தவர்கள் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். கடைத்தெரு முழுவதும் பார்த்தது.

அவர் நினைவாக என்னிடம் பகடையோ நோட்டோ இல்லை. பள்ளிவாசல்வரை எல்லோருக்கும் முன்னால் நான் நடந்த அந்தத் தூரம் இருக்கிறது.