பட்டு நூல் கடித்த மல்லிச்செடி

மல்லிச்செடியில் இலைகள் ஜோடி ஜோடியாக, எதிரெதிரே வரும். இலைக்காம்பு தண்டைத் தொடுகிற இடுக்கில் கடுகளவு கண் ஒன்று இருக்கும். அது கிளையாகுமா, மொக்காகுமா என்று செடி உடனே சொல்லாது. கிளையென்றால் இரண்டு குட்டி இலைகள் கை கூப்பினாற்போல ஒட்டிக்கொண்டு கூராக வரும். மொக்கென்றால் அடியில் பச்சைப் பிசிறுகள் சுற்றி நிற்கும். மூன்றாக வந்தால் நடுவில் இருப்பதுதான் முதலில் பருக்கும். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். இதெல்லாம் விடியலில் பறித்துப் பறித்து விரலுக்குத் தெரிந்தது.

நான் பறிக்கிற செடி எங்கள் ஜன்னலோரம் நிற்கிறது. பக்கத்துத் தெருத் தையற்காரர் மனைவி, என் சிநேகிதி, தன் வீட்டுச் செடியிலிருந்து ஒடித்துக் கொடுத்த குச்சி அது. அவள் வீட்டை இடித்துக் கட்டியபோது தாய்ச்செடி போய்விட்டது. அதனால்தான் அவள் மகளுக்கு வாலாஜாபாத் மாப்பிள்ளையோடு நிக்காஹ் முடிவானதும் நான் வாக்குக் கொடுத்தேன்: “பொண்ணு தலைக்கு ஒரு மொழம்கூட கடையில வாங்கக் கூடாது. என் செடி பூதான்.” நான் சொன்னால் சொன்னதுதான் என்று இரண்டு தெருவுக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இலைகள் மஞ்சளாயின. மொக்குகள் அரிசி அளவிலேயே கருகி உதிர்ந்தன. எறும்பா, வேரில் புழுவா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு தறியில் பாவு நூலில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி, அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக விரலை ஓட்டிக்கொண்டு போனேன். முழங்கால் உயரத்தில் விரல் தட்டியது. மேலே தண்டு புடைத்திருந்தது, கீழே இளைத்திருந்தது, நடுவில் பள்ளம். பள்ளத்துக்குள் அரக்கு நிறத்தில் நூல்.

போன மழையில் செடி சாயாமலிருக்க என் வீட்டுக்காரர் தறியில் மிஞ்சிய பட்டு நூலை எடுத்து ஜன்னல் கம்பியோடு கட்டியிருக்கிறார். மற்ற இடத்தில் வாழை நாரால் கட்டியிருப்பார்கள். நார் காய்ந்து தானே அறுந்துவிடும். பட்டு நெய்கிற எங்கள் வீட்டில் காலில் சிக்குவதெல்லாம் பட்டுத்தானே.

“இன்னாயா கட்டி வச்சிக்கீற?”

“பட்டாச்சே, மே. மெத்துனு இருக்கும், செடிக்கு நோவாதுன்னு கட்டினேன்.”

“செடி பெருக்காதா? நீ போட்ட முடிச்சு என்னிக்கு நழுவிக்குது?”

“அதத்தானே இத்தினி வருசமா ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருந்த?”

நூலை இழுத்தால் தண்டின் பட்டை உரிந்துகொண்டு வந்தது. விட்டுவைத்தால் கல்யாணத்துக்குக் கைப்பிடி மொக்காவது தேறலாம், ஆனால் செடி நிற்காது. நூலுக்குக் கீழே வெட்டினால் செடி பிழைக்கும், பூ கிடையாது. கீழ்க்கணுக்களைப் பார்த்தேன். கண்கள் பச்சையாக இருந்தன. வெட்டிவிட்டேன்.

வெட்டிய தண்டை எறிய மனம் வரவில்லை. கீழே இறங்க வழியில்லாத சத்தெல்லாம் அந்தப் புடைப்பில்தான் தங்கியிருந்தது. இலைகளை உருவிவிட்டு, புடைப்பு மண்ணுக்குள் போகும்படி தொட்டியில் நட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, எங்கிருந்தோ நார் கொண்டுவந்து லேசாகக் கட்டினார். 

செடியை வெட்டியதைச் சிநேகிதியிடம் சொல்லவில்லை. வாக்குத் தவறியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

“பூ எங்கேக்கா?”

“பூ இல்ல. செடியக் கொண்டாந்துக்கிறேன்.”

“அல்லா! உன் பேச்ச நம்பி நான் ஒரு மொழம்கூட சொல்லி வைக்கலியே!” என்று தன் வீட்டுக்காரரைக் கடைத்தெருவுக்கு விரட்டினாள். அப்புறம் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வெறுங்குச்சிய தூக்கிக்கினு என்னா நடை நடந்து வர! உன் திமிரு மட்டும் வாடவே வாடாதுக்கா.” சொல்லும்போதே சிரித்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். தொட்டியை வாங்கி நிழலில் வைத்தாள்.

மருதாணிக் கையோடு கல்யாணப் பெண் வந்து குனிந்தாள். மேல்கணுவில் பச்சையாக ஒரு கூர் வந்திருந்தது.

“பெரிம்மா, இது மொக்கா?”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். அடியில் பிசிறு இல்லை. இரண்டு குட்டி இலைகள் கை கூப்பிக்கொண்டிருந்தன.

“இல்லமா, இலைதான். வாலாஜாபாத்துக்கு எடுத்துக்கினு போ. கட்டினா நாருல கட்டு.”