கமலாவதி ரீச்சரின்ரை கரண்டியும் அரியாலைக் காகங்களும்

இண்டைக்கு நான் ஆரைச் சந்திச்சனான் தெரியுமோ? அரியாலையிலை காகம் பழக்கின கமலாவதி ரீச்சரை! டவுணிலையிருந்து சைக்கிளிலை போய் இறங்கி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தால், அவ கிணத்தடியிலை குந்தியிருந்து தாச்சி தேய்ச்சுக்கொண்டிருக்கிறா.

"வாரும், வாரும். ஆனா உந்தச் சைக்கிளை விழுத்திப்போடாதையும். சத்தம் கேட்டால் உவை வந்திடுவினம்."

"ஆர் ரீச்சர் உவை?"

"வேறை ஆர்? என்ரை மாணவர்கள்தான்." மேலை மாமரத்தைக் காட்டினா. கொப்பு முழுக்கக் காகம்!

வந்த கையோடை ரைப் அடிக்கிறன், எழுத்துப் பிழையளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. "என்னைப் பற்றி எழுதிறதெண்டால் நக்கலா எழுதும். மாலை போட்டு எழுதினீரெண்டால் கிழிச்சு அடுப்புக்கை வைப்பன்" எண்டு அவ சொல்லித்தான் விட்டவ. அதாலை அவ சிரிச்சுச் சிரிச்சுச் சொன்ன மாதிரியே சொல்லுறன்.

கமலாவதிக்குப் பிறந்த ஊர் வட்டுக்கோட்டை. ஆசிரியர் கலாசாலை முடிச்சு வெளியிலை வரேக்கை அவவின்ரை தலைக்குள்ளை நிண்டது ஒரேயொரு பாடம், உளவியல். அதுக்குள்ளையும் ஒரேயொரு நாய். மணி அடிச்சு அடிச்சுச் சாப்பாடு குடுத்துப் பழக்கினாப்பிறகு, சாப்பாடே இல்லாமல் வெறும் மணிச் சத்தத்துக்கு வாயூறின நாய். அந்த நாயை நினைச்சால் கமலாவதிக்கும் வாயூறும். உலகத்திலை உயிருள்ள எதையும் பழக்கலாம், நல்லது செய்தவுடனை பரிசு குடுத்தாச் சரி, பிந்தினால்தான் பிழைக்கும். பழகினாப்பிறகு ஒவ்வொருமுறையும் குடுக்கத் தேவையில்லை, இடைக்கிடை குடுத்தால் காணும். எப்ப கிடைக்குமெண்டு தெரியாததாலை இன்னும் இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். இந்த நாலு வசனத்தோடை நாட்டைத் திருத்தலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவ முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவ.

முதல் அம்பிட்டது நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு சொன்னால் ஒரு டொபி. வகுப்பு கிளிக்கூடு மாதிரிக் கலகலத்துது. ரீச்சருக்குத் தலைகால் தெரியேல்லை. ஒருநாள் டொபி முடிஞ்சு போச்சு. முழு வகுப்பும் வாயைத் திறக்கேல்லை.

"ஏழாம் வாய்ப்பாடு ஆருக்கும் தெரியாதோ?"

ஒரு பெட்டை எழும்பினாள். "தெரியும் ரீச்சர். ஆனா டொபி இல்லையெண்டு கேள்விப்பட்டம்."

ரண்டாவதா அம்பிட்டவர் கலியாணம் முடிச்ச மனுசன், கந்தோரிலை கிளாக்கர் வேலை பாக்கிற கனகலிங்கம். குளிச்சுப்போட்டு ஈரத்துவாயைக் கதிரையிலை போடுறது அவற்றை பழக்கம். கொடியிலை போட்டால் உடனை இஞ்சிபோட்ட கோப்பி எண்டு கமலாவதி ஒரு திட்டம் போட்டா. மனுசன் நல்லாப் பழகினார். எவ்வளவு நல்லாயெண்டால், ஞாயிற்றுக்கிழமையளிலை காய்ஞ்ச துவாயை எடுத்து எடுத்துத் திருப்பியும் கொடியிலை போட்டார்.

"இஞ்சருங்கோ, உது காய்ஞ்ச துவாயெல்லோ?"

"நீர் ஈரமெண்டு சொல்லேல்லையே. கொடியெண்டுதானே சொன்னனீர். கோப்பி எங்கை?"

இந்த ரண்டு தோல்வியையும் தோல்வியெண்டே கமலாவதி கணக்கெடுக்கேல்லை. "பிழை தத்துவத்திலை இல்லை, மனிசரிலை" எண்டு முடிவு கட்டினா. அப்பதான் அவவின்ரை கண் காகத்திலை விழுந்தது. ஆனா அது விளையாட்டுக்கில்லை.

காரணம், மாமியார் தங்கமுத்து. மாமனார் தம்பிராசா கமலாவதி வாழ வரமுன்னமே போய்ச் சேந்திட்டார். சுவரிலை சால்வையோடை படமாத்தான் அவவுக்குத் தெரியும். தங்கமுத்து மாமி சனிக்கிழமையெண்டால் விரதம். மத்தியானம் வாழையிலைத் துண்டிலை சோறு கறி வைச்சுக் கிணத்துக்கட்டிலை வைப்பா. "கா, கா" எண்டு கூப்பிடுவா. காகம் வந்து கொத்தினால்தான் அவவின்ரை வாயிலை பச்சைத்தண்ணியும் படும். காகத்துக்கென்ன, அது தன்ரை நேரத்துக்கு வரும், இல்லாட்டில் வராது. மாமிக்கோ வயித்துப் புண். வெறும் வயித்தோடை இருக்கப்பிடாதெண்டு பெரியாஸ்பத்திரி டொக்டர் உறுக்கிச் சொல்லிவிட்டவர். மாமி கேட்டாத்தானே!

மாமனார் செத்து ஒரு வருசம் முடிய வந்த ஆட்டத்துவசத்தண்டு நடந்தது இன்னும் மோசம். கமலாவதி அந்த வீட்டுக்கு வந்த புதுசு. படைச்சு, காகத்துக்கு வைச்சாச்சு. ஒரு காகமும் இல்லை. சனமெல்லாம் சாப்பிட்டுப் போட்டுது, மாமி மட்டும் கிணத்தடியிலை நிக்கிறா. பின்னேரம் பொழுதுபடேக்கை ஒரு காகம் வந்து ரண்டு சோத்தைக் கிளறிப்போட்டுப் பறந்துது. வடையைத் தொடேல்லை. மாமி அதிலையே மயங்கி விழுந்திட்டா.

அடுத்தநாள் அரிசி புடைச்சுக்கொண்டிருக்கேக்கை மாமி மெதுவாச் சொன்னா. "பிள்ளை, அவர் கடைசியாக் கேட்டது ஒரு வடை. வைரவருக்கு வடைமாலை கட்டச் சுட்டுக்கொண்டிருந்தனான். 'தங்கமுத்து, சுடச்சுட ஒண்டு தாவன்' எண்டவர். 'படைக்க முன்னம் வாயிலை வைக்கிறதோ, பொறுங்கோ' எண்டு ஏசிப்போட்டன். படைச்சுப்போட்டு இலையோடை வந்து பாக்கிறன், கதிரையிலை இருந்தபடியே சீவன் போயிட்டுது. அவர் பொறுத்தார் பிள்ளை. இப்ப என்னைப் பொறு எண்டு சொல்லுறார்போலை."

சொல்லத் தெரியாத இடத்திலைதானே கமலாவதிக்கு அந்த நாய் ஞாபகம் வரும்! அடுத்த துவசத்துக்குக் காகம் வரும், நேரத்துக்கு வரும், வடையும் எடுக்கும். நான் பழக்கிறன். மனசுக்கை சத்தியம் பண்ணிக்கொண்டா.

அதுக்குப்பிறகு அந்த வீட்டிலை விடியக்காத்தாலை வடை வாசம். கமலாவதி எவர்சில்வர் தட்டத்திலை கரண்டியாலை டங், டங், டங் எண்டு தட்டுவா. உடனை கிணத்துக்கட்டிலை ஒரு வடைத்துண்டு வைப்பா. அது தட்டுப்பாட்டுக் காலம், ஞாபகம் இருக்கோ? பாணுக்கு விடியமுன்னம் வரிசையிலை நிண்ட காலம்.

"மனிசர் பாணுக்குக் கியூவிலை நிக்கினம், இவ காகத்துக்கு வடை சுடுறா" எண்டு கனகலிங்கம் புறுபுறுத்தார்.

"இது ஆராய்ச்சி."

"அப்ப ஆராய்ச்சியிலை எனக்கும் ரண்டு தாரும். நானும் கா எண்டு கத்திறன்."

முதல்லை ஒரு காகம்தான் வந்துது. கழுத்திலை சாம்பல் சால்வை போட்டு, கையைப் பின்னாலை கட்டினமாதிரி நடந்து வரும். "பெரியகிளாக்கர்" எண்டு பேர் வைச்சா. பிறகு பெரியகிளாக்கற்றை கந்தோர் முழுக்க வந்திட்டுது. ஒரு சனிக்கிழமை மாமி இலையைக் கையிலை தூக்க, கமலாவதி குசினிக்கை நிண்டு தட்டத்திலை தட்ட, இலை கிணத்துக்கட்டிலை படமுன்னம் காகம் வந்து குந்திச்சுது! மாமி அப்பிடியே நிண்டா. திரும்பி மருமகளைப் பாத்தா.

"கெட்டிக்காரி" எண்டா.

வந்ததிலையிருந்து மாமி வாயாலை கமலாவதி கேட்ட முதல் நல்ல சொல் அதுதான். "கறிக்கு உப்புக் காணாது", "முத்தம் இன்னும் கூட்டேல்லையோ", இதுகளைத்தான் அதுவரை கேட்டவ. அண்டு முழுக்க அவ நிலத்திலை நடக்கேல்லை. அடுத்தநாள் இன்னும் வேளைக்கு எழும்பி உழுந்து அரைச்சா. அண்டைக்கு மாமி ஒண்டும் சொல்லேல்லை. அதுக்கடுத்தநாளும் இல்லை. நாலைஞ்சு நாள் கழிச்சுத் திடீரெண்டு, போறபோக்கிலை, "கெட்டிக்காரி". கமலாவதி அடுத்த நாளும் வேளைக்கு எழும்பினா.

துவசநாள் வந்துது. மாமி விடியக் குளிச்சுப்போட்டு ஈரத்தலையோடை படத்துக்கு முன்னாலை இருந்தா. ஐயர் வந்து தானம் வாங்கிக்கொண்டு போட்டார். டவுணிலையிருந்து கனகலிங்கத்தின்ரை அக்கா மகாதேவி வந்தவ. ஆக்கள் கூட எண்டு வெளியிலை முத்தத்திலை அடுப்பு மூட்டி, வடை சுடுற பொறுப்பை அவ எடுத்தா. கமலாவதி உள்ளுக்கை இலை துடைச்சுக்கொண்டு, மனசுக்கை ஒத்திகை பாக்கிறா: படைப்பினம், மாமி இலையைத் தூக்குவா, நான் தட்டுவன், பெரியகிளாக்கர் வருவார். ஒரு வருசப் படிப்பு, இண்டைக்குச் சோதினை!

அப்ப கேட்டுது. டங், டங், டங்.

கமலாவதி கையிலை இருந்த இலையைப் போட்டிட்டு எழும்பினா. மகாதேவி, பாவம், என்ன செய்தவ? தாச்சிக்கையிருந்து வடையைக் கண்ணகப்பையாலை அள்ளி, எண்ணெய் வடியட்டுமெண்டு எவர்சில்வர் தட்டத்தின்ரை விளிம்பிலை தட்டினவ. ஊரிலை எல்லாரும் செய்யிறதைத்தான் செய்தவ. காகத்துக்குப் பாடம் சொல்லிக்குடுக்கேக்கை இந்தச் சின்ன விசயம் மட்டும் பெரிய உளவியல்காரிக்கு மண்டையிலை வரேல்லை!

"மச்சாள், தட்டாதேங்கோ!" எண்டு கத்திக்கொண்டு கமலாவதி ஓடிவாறா. எங்கை! மாமரம் கறுத்துப்போச்சு. சுளகிலை குவிச்சிருந்த வடையெல்லாம் சிறகடிக்குது. மகாதேவி கண்ணகப்பையாலை கலைக்கிறா, அது தாச்சியிலை படுது, டங், இன்னும் நாலு காகம் வருது.

"ஐயோ, படைக்க முன்னம் எல்லாத்தையும் எச்சிலாக்கிப் போட்டுதுகள்! துவசச் சாமான்! எங்கையிருந்தடி இவ்வளவு காகம் உங்கடை வளவிலை?"

கனகலிங்கம் பெண்சாதியைப் பாத்தார். அவ நிலத்தைப் பாத்தா. நிலம் பிளக்கேல்லை. வயிறு முட்டின காகங்களை இனி எந்தக் கரண்டியும் கூப்பிடாது. அதுவும் அந்தப் பாடத்திலை இருந்ததுதான். மாமி இண்டைக்கும் பொழுதுபடுமட்டும் நிக்கப்போறா, விழப்போறா. பழக்கினது ஆர்? நான்.

சத்தம் கேட்டு மாமி வெளியிலை வந்தா. சுளகைப் பாத்தா, மரத்தைப் பாத்தா.

"எது பிள்ளை முதல் எடுத்தது?"

மகாதேவி அழுவாரைப்போலை சொன்னா. "பெரிசொண்டு அம்மா, கழுத்திலை சால்வை போட்டமாதிரி. அடுப்படிக்கே வந்திட்டுது. தாச்சியிலையிருந்து இறக்கினது, கை வைக்கேலாத சூடு, அதைக் கொத்திக்கொண்டு போட்டுது. கொஞ்சமும் பொறுக்கேல்லை அம்மா அது."

மாமி உரல்கட்டையிலை மெல்ல இருந்தா.

"சுடச்சுடவோ?"

"ஓம் அம்மா, சுடச்சுட."

"பொறுக்கேல்லையோ?"

"இல்லையம்மா."

மாமி சிரிக்கத் தொடங்கினா. சீலைத்தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா, கண்ணாலை தண்ணி ஓடுது. "நல்ல வேலை செய்தாரப்பா! நான் பொறுங்கோ எண்டு சொல்ல முன்னமே எடுத்திட்டார். படைக்கட்டும் எண்டு இந்தமுறை நிக்கேல்லை மனுசன்!" மகாதேவியும் அழுகிறா. கனகலிங்கம் வேலிப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். எழுதேக்கை எனக்கும் எழுத்து மங்குது.

"மகா, புதுசா அரைச்சுச் சுடு. கெதியாப் படைப்பம்" எண்டு மாமி எழும்பினா. "எனக்குப் பசிக்குது."

அந்தச் சொல்லை அந்த வீட்டிலை அதுக்குமுன்னம் ஆரும் மாமியின்ரை வாயாலை கேக்கேல்லையாம். புதுவடையோடை இலையைக் கிணத்துக்கட்டிலை வைச்சினம். ஒரு காகமும் எட்டிப்பாக்கேல்லை. "அவர் சாப்பிட்டிட்டாரெல்லே" எண்டுபோட்டு மாமி வந்து பாயிலை இருந்தா. ரண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டா.

கமலாவதிக்குத் தொண்டை வரைக்கும் வந்திட்டுதாம்: மாமி, எல்லாக் காகத்துக்கும் கழுத்துச் சாம்பல்தான், இது கரண்டிச் சத்தம். கனகலிங்கம் மெல்லக் காதுக்கை சொன்னார். "இஞ்சரும், உம்மடை ஆராய்ச்சி முடிவை வேறை எங்கையாவது வாசியும்."

இலை எடுக்கேக்கை மாமி மருமகளின்ரை கையைப் பிடிச்சா. "ஒரு வருசமா விடியஎழும்பி அதுகளுக்குப் போட்டனீ. அதாலைதான் அவருக்கு வாற வழி தெரிஞ்சுது. கெட்டிக்காரி."

அடுத்தநாள் விடிய நாலு மணிக்குக் கமலாவதி உழுந்து அரைச்சுக்கொண்டிருக்கேக்கைதான் அவவுக்கு உறைச்சுதாம். துவசம் முடிஞ்சுது, ஆராய்ச்சி முடிஞ்சுது, பிறகேன் நான் எழும்பினனான்? காகம் கரண்டிக்கு வருது. நான் ஒரு சொல்லுக்கு வாறன். அதுவும் நாள்தோறும் இல்லை, இடைக்கிடை. கலாசாலையிலை படிச்ச அதே நாய்தான், இப்ப சீலை உடுத்துக்கொண்டு அம்மிக்கு முன்னாலை குந்தியிருக்கு! உலக்கை விழுந்தமாதிரிச் சிரிச்சாவாம். சிரிச்சுப்போட்டு என்ன செய்தவ? மிச்சத்தையும் அரைச்சா.

இண்டைக்கும் அரைக்கிறா. தங்கமுத்து மாமி நல்ல சுகம், வயித்துப் புண்ணும் மாறிட்டுது. அவவுக்கும் ஒரு புதுப்பழக்கம். அந்த வீட்டிலை ஆரும் "ஒரு வடை தாங்கோ" எண்டு கேட்டால், விரதமோ படையலோ, "பொறு" எண்ட சொல் மாமியின்ரை வாயிலை வராது. சுடச்சுடக் கையிலை வைப்பா. எனக்கும் வைச்சா. நான் சாப்பிட்டிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்க, "கெட்டிக்காரப் பிள்ளை" எண்டா. பிறகு பாத்தால், அங்கை கிடந்த முழுக் கோப்பையையும் நான் கழுவிக்கொண்டு நிக்கிறன்!

அரியாலைப் பக்கம் போனால் கட்டாயம் எட்டிப்பாருங்கோ. காகம் நிக்கிற மாமரத்தைக் கேட்டால் ஆரும் காட்டுவினம். வடை கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ, மாமிக்கு அதுதான் சந்தோசம். கரண்டியை மட்டும் தட்டத்திலை தட்டிப்போடாதேங்கோ. வாசிச்சு முடிச்சவை இந்தத் தாளை மடிச்சு வைக்காமல், வீட்டிலை ஆரையேனும் "பொறு" எண்டு சொல்லிப்போட்டுத் திரியிற ஒரு ஆளின்ரை கையிலை குடுத்துவிடுங்கோ.